குடிநோயாளியான கட்சிக்காரரை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் நிபந்தனையோடு பிணை பெறுவது எப்படி?

கேள்வி: இளம் வழக்கறிஞர், தக்கலை

மூத்தவர்களுக்கு வணக்கம். குலசேகரம் பகுதியைச் சேர்ந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவருக்காக முன்னிலையாகிறேன். குடிபோதையில் பால்வெட்டுக் கத்தியால் அண்ணனின் தோளில் வெட்டியதாக பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 109 (கொலை முயற்சி), 351(3) (கொலை மிரட்டல்) பிரிவுகளில் வழக்குப் பதிவாகி, அவர் நீதிமன்றக் காவலில் இருக்கிறார். அண்ணனும் தாயாரும் அதே வீட்டில் வசிப்பதால், வெளியே வந்தால் மறுபடியும் குடித்துவிட்டு அங்கேதான் போவார் என்ற அரசுத் தரப்பு ஆட்சேபத்தை ஏற்று, நாகர்கோவில் அமர்வு நீதிமன்றம் பிணை மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது. இப்போது அண்ணன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். கட்சிக்காரரும் சிகிச்சைக்கு மனதார இசைகிறார். மறுவாழ்வு மையத்தில் தங்குவதாகச் சொல்லி மீண்டும் மனுச் செய்தால், எவற்றையெல்லாம் சேர்க்க வேண்டும்?

பதில்: மூத்த வழக்கறிஞர், நாகர்கோவில்

தம்பி, மறுவாழ்வு மையத்துக்கென்று தனிப் பிணை எதுவும் சட்டத்தில் இல்லை. பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 483இன் கீழ் கேட்பது வழக்கமான பிணைதான். நிபந்தனைகளை நீங்களே வகுத்து நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். காயம்பட்டவர் வீடு திரும்பியதும், மனுதாரர் அந்த வீட்டுக்கே போகப்போவதில்லை என்பதும் சூழ்நிலை மாற்றமாக மனுவின் தொடக்கத்திலேயே வரட்டும். ‘சிகிச்சை பெறத் தயார்’ என்ற வெறும் வாசகத்துக்கு எந்த நீதிபதியும் அசையமாட்டார். மாநில மனநல ஆணையத்தில் மையம் பெற்ற பதிவுச் சான்றின் நகல், இடம் ஒதுக்கியிருப்பதாக மையம் தரும் கடிதம், செலவை ஏற்பவரின் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை இணையுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கையெழுத்து நிபந்தனையில் கவனமாக இருங்கள். தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற வழக்கமான வரி உத்தரவில் ஏறிவிட்டால், உள்நோயாளியாகத் தங்குபவர் சிகிச்சையை விட வேண்டும் அல்லது நிபந்தனையை மீற வேண்டும். பிறகு நிபந்தனைத் தளர்வு மனு போட்டு அலைவதைக் காட்டிலும், தங்கும் காலம் முழுவதும் மையப் பொறுப்பாளர் வாரந்தோறும் அறிக்கை அனுப்புவார், வெளிவந்த பின்னரே கையெழுத்து என்று முதலிலேயே கேட்பது நல்லது. 109இல் காயமும் இருப்பதால், 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் பி.என்.எஸ்.எஸ். 187(3)இன்படி அவர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே வெளியே வரக்கூடும். இதை அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசுங்கள், ஆட்சேபம் தணியலாம்.

பதில்: மனநல சமூகப் பணியாளர், மார்த்தாண்டம்

அறிக்கை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அடங்கும். அதன் 23ஆம் பிரிவு நோயாளியின் விவரங்களைக் காக்கிறது. ஆகவே அவரிடம் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கும்போது, தங்கியிருக்கிறாரா, சிகிச்சைக்கு ஒத்துழைக்கிறாரா என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சம்பவத்தன்று நடந்ததைப் பற்றி ஆலோசனையில் அவர் மனம் திறந்து பேசுவது அரசுத் தரப்பின் கைக்குப் போய்விடக் கூடாது.

தாமே இசைந்து அதே சட்டத்தின் 86ஆம் பிரிவில் சேர்பவருக்குத் தாமே வெளியேறும் உரிமையும் உண்டு. ‘பூட்டி வைத்துக்கொள்கிறோம்’ என்று ஒரு மையம் எழுதித் தந்தால், அந்த மையத்தையே சந்தேகியுங்கள். வெளியேறினால் அன்றே நீதிமன்றத்துக்கும் உங்களுக்கும் தெரிவிப்போம் என்ற உறுதி போதும். சிறைக்குப் போன முதல் சில நாட்களில் கைநடுக்கமோ வலிப்போ வந்ததா என்று சிறை மருத்துவரின் குறிப்பையும் கேட்டுப் பெறுங்கள். சேர்க்கும் மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தாய்மாமன் ஜாமீன்தாரராக வர இசைந்துள்ளார். சிறை வாசலிலிருந்து அவரே அழைத்துச் செல்வதாக எழுதலாமா, ஐயா?

மூத்த வழக்கறிஞர், நாகர்கோவில்

எழுதலாம், பெயரோடும் முகவரியோடும் எழுதுங்கள். ஜாமீன் பத்திரம் ஏற்கப்பட்டு விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேரவே மாலையாகிவிடும். இரவில் சேர்த்துக்கொள்வார்களா என்று மையத்திடம் இப்போதே கேளுங்கள். மாட்டார்கள் என்றால், அந்த ஓர் இரவு தாய்மாமன் வீட்டில் தங்குவார் என்பதையும் மனுவில் சேர்த்துவிடுங்கள். உத்தரவில் ‘விடுதலையானதும் நேரடியாக’ என்று இருந்துவிட்டால், அந்த இரவே நிபந்தனை மீறலாகக் காட்டப்படும்.