தொடர்ந்து 4 கூட்டம் வராதவரை நீக்கலாமா?

முன்னாள் செயலாளர்:
உறுப்பினர்கள் வராமல் போவதற்குத் தலைமைதான் காரணம், வருகைப் பதிவேட்டைத் தூக்கிப் போடுங்கள் என்று தென்றல் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 11 ஆண்டுகள் பதிவேடு எழுதிய கை இது. 1905இல் தொடங்கிய ரோட்டரி என்ற உலகளாவிய சேவை அமைப்பின் சங்க விதிகளைப் பாருங்கள். தொடர்ந்து 4 கூட்டம் வராதவரை நீக்க இடம் உண்டு. எங்கள் சங்கத்திலும் அதே விதியைக் கொண்டுவந்த பிறகுதான் நாற்காலிகள் நிரம்பின. கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள், இல்லாமல் அரை மணி நேரம் காத்துக் கிடந்த காலம் ஒழிந்தது.

தென்றல்:
நாற்காலி நிரம்பியது சரி, வேலைக்கு எத்தனை கை வந்தது? ரத்ததான முகாமில் மேசை தூக்க ஆள் கிடைத்ததா? அப்புறம், விதியைப் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். வேறொரு ரோட்டரி சங்கத்தின் கூட்டத்துக்குப் போனால் அதுவும் வருகையாகச் சேரும். தகுந்த காரணம் சொன்னால் நிர்வாகக் குழு விலக்கும் தரலாம். ரோட்டரியின் விதிகளை வகுக்கும் பேரவை 2016இல் கூடியபோது, வருகை விதியைச் சங்கங்களே மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. நீங்கள் இன்னும் பழைய தாளைக் காட்டுகிறீர்கள்.

முன்னாள் செயலாளர்:
மாற்றிக்கொள்ளலாம் என்றால் மாற்றியே தீர வேண்டும் என்று அர்த்தமா தம்பி? மாதத்துக்கு 2 கூட்டமாவது நடத்தியாக வேண்டும் என்றும் அதே 2016 முடிவில்தான் இருக்கிறது, அதை ஏன் சொல்லவில்லை? 4 என்றால் 4. சந்தா கட்டிவிட்டு வீட்டில் இருப்பவரை உறுப்பினர் என்று நான் ஏற்க மாட்டேன்.

கயல்விழி:
4 கூட்டம் வராதவரைப் பற்றி இவ்வளவு கோபம். அதே ரோட்டரியின் விதிகளில் 1989 வரை பெண்கள் உறுப்பினராக இடமே இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. 84 ஆண்டுகள் எங்களை உள்ளேயே விடாதவர்களின் விதிதான் உங்களுக்கு வேதமா சார்?

முன்னாள் செயலாளர்:
அம்மா, அது வேறு பிரச்சினை. நான் பேசுவது 4 கூட்டம் பற்றி. நான் செயலாளராக இருந்தபோது 6 பெண்களைச் சேர்த்தேன், பதிவேட்டில் இருக்கிறது.

கயல்விழி:
அந்த 6 பேரில் ஒருவருக்காவது பதவி கொடுத்தீர்களா? வரவேற்பு மேசையில் உட்கார வைத்தீர்கள். அதுவும் பதிவேட்டில் இருக்கும்.

கணக்குப் பார்ப்பவன்:
ஏன் வருவதில்லை என்று யாரும் கேட்கக் காணோம். எங்கள் சங்கத்தில் கூட்டம் 90 நிமிடம். தலைவர் 50 நிமிடம் பேசுவார், முன்னாள் தலைவர்கள் ஆளுக்கு 10 நிமிடம். வரவுசெலவு பற்றிக் கேட்க நான் எழுந்தால் நேரமாகிவிட்டது என்பார்கள். 1876இல் ஹென்றி ராபர்ட் எழுதிய கூட்ட நடைமுறை விதிகளின்படி, பெரிய அவையில் தலைவர் விவாதத்தில் கலந்துகொள்ள விரும்பினால் இருக்கையை இன்னொருவரிடம் விட்டு இறங்க வேண்டும். எங்கள் தலைவர் இருக்கையையும் விடவில்லை, மைக்கையும் விடவில்லை.

முன்னாள் செயலாளர்:
ராபர்ட் ஒரு ராணுவப் பொறியாளர். ஏறக்குறைய 12 பேர் கொண்ட சிறு குழுவில் தலைவர் உட்கார்ந்தபடியே பேசலாம் என்றும் அந்த விதிகளிலேயே உண்டு. அரைகுறையாகப் படித்துவிட்டு வராதீர்கள்.

கணக்குப் பார்ப்பவன்:
நான் சொன்னது பொதுக்குழுவை. உங்கள் பொதுக்குழுவில் 12 பேர்தானா? அப்படியானால் விதி போட்டு நாற்காலி நிரப்பிய கதை என்ன ஆயிற்று?

முன்னாள் செயலாளர்:
எங்கள் பொதுக்குழு 70 பேர். வராதவர்களுக்கு 4ஆவது கூட்டத்துக்கு முன்பே கடிதம் போடுவேன், என் கைப்பட. அந்தக் கடிதம் போனால் மனுஷன் வந்து நிற்பான். தலைவர் நீளமாகப் பேசுகிறார் என்றால் வந்து எதிர்த்துப் பேசுங்கள். வராதவருக்குக் குறை சொல்ல உரிமை கிடையாது. எனக்குப் பின் வந்த நிர்வாகம் இந்தக் கடிதத்தை நிறுத்தியது, மறுபடி கோரம் போயிற்று. யார் நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியும், இங்கேயும் அவர் படித்துக்கொண்டிருக்கிறார்.

தென்றல்:
நானேதான். ஒளிந்து படிக்கவில்லை. கடிதத்தை நிறுத்திவிட்டு வீடு வீடாகப் போனேன். ஒருவருக்கு இரவு வேலை, இன்னொருவர் படுக்கையில் இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்கிறார். உங்கள் கடிதம் இருவருக்கும் போயிருக்கிறது. இருவரும் இப்போது வீட்டிலிருந்தே சங்கக் கணக்கைத் தட்டச்சு செய்து தருகிறார்கள். அது பங்கேற்பு இல்லையா? நீங்கள் பதவி முடிந்த ஜூலையிலிருந்து எத்தனை கூட்டத்துக்கு வந்தீர்கள் சார்? நான் எண்ணினேன். 5 கூட்டம் வரவில்லை. நான் உங்களை நீக்கவில்லை.

முன்னாள் செயலாளர்:
எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. முறைப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன், நகல் என்னிடம் இருக்கிறது. அந்த இருவரும் எழுதிக் கொடுத்தார்களா?

கயல்விழி:
தாயைப் பார்த்துக்கொள்பவர் உங்களுக்கு மனு எழுதித் தர வேண்டுமா?

முன்னாள் செயலாளர்:
ஆமாம், எழுதித் தர வேண்டும். இரண்டு வரி போதும். 4 கூட்டம், 4 கூட்டம்தான். அடுத்த பொதுக்குழுவில் இதையே தீர்மானமாகக் கொண்டுவருகிறேன், தடியூன்றியாவது வருவேன்.

கணக்குப் பார்ப்பவன்:
வாருங்கள். அப்படியே அந்த 11 ஆண்டுப் பதிவேட்டையும் எடுத்து வாருங்கள். சந்தாக் கணக்கு இன்னும் ஒப்படைக்கப்படவில்லை.