ஒன்பதாயிரம் ரூபாய்க்கு என் ஊஞ்சலா?

முற்றம்:
பழைய வீட்டை விற்றாயிற்று. அடுத்த மாதம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகிறோம். இன்னும் போகாமல் இருப்பது ஊஞ்சல் மட்டும்தான். தேக்குப் பலகை, ஆறரை அடி நீளம், நான்கு இரும்புச் சங்கிலிகள். பார்க்க வந்த வியாபாரி பலகையைப் புரட்டிப் போட்டு அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டினார். கொக்கி தேய்த்த பள்ளத்தை நகத்தால் சுரண்டினார். "ஒன்பதாயிரம்" என்றார். இருபத்தைந்துக்குக் குறையாது என்றேன். அவர் படியிறங்கியதும் என் கணவர், "இது நீ சொன்ன விலை இல்லை, உன் மூளை சொன்ன விலை. கையில் இருக்கிற பொருளுக்கு அது தானாகவே விலையை ஏற்றிவிடும், ஆராய்ச்சியே இருக்கிறது" என்கிறார். அப்படி உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, அல்லது ஊஞ்சலைத் தள்ளிவிட அவர் கண்டுபிடித்த வழியா?

கணக்குப்பிள்ளை:
இருக்கிறது அம்மா. ரிச்சர்ட் தேலர் என்ற பொருளியலாளர் 1980இல் இதற்குப் பெயரே வைத்தார். தமிழில் உடைமை விளைவு எனலாம். அவரும் கானமன், நெட்ச் என்ற ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட சோதனை இது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 44 மாணவர்கள். அவர்களில் 22 பேருக்கு, கடையில் 6 டாலர் விலையுள்ள காப்பிக் கோப்பை ஆளுக்கு ஒன்று. யாருக்குக் கிடைக்கும் என்பதில் எந்தக் கணக்கும் இல்லை. அப்படியானால் கோப்பையை விரும்பாதவர் கையில் ஏறத்தாழ பாதி போயிருக்கும், 11 கோப்பைகள் கைமாற வேண்டும். நான்கு சுற்று நடத்தினார்கள். கைமாறியவை 4, 1, 2, 2. வைத்திருந்தவர்கள் கேட்டது 5.25 டாலர் அளவில், இல்லாதவர்கள் தர முன்வந்தது அதில் ஏறத்தாழ பாதி. கோப்பை அவர்களிடம் வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. உங்கள் ஊஞ்சல் எத்தனை வருடம்?

முற்றம்:
என் கல்யாணத்துக்கும் முன்பிருந்தே. மாமனார் காலத்தது.

எதிர்க்கரை:
கோப்பைக் கதை சொல்லியே ஒரு தலைமுறையை ஏமாற்றிவிட்டார்கள். விற்கிறவன் கூட்டிச் சொல்வான், வாங்குகிறவன் குறைத்துக் கேட்பான். எந்தச் சந்தைக்குப் போனாலும் சொல்கிற விலை வேறு, கொடுக்கிற விலை வேறு. ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தவுடன் அந்தப் பழக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டா வருவார்கள்? 2005இல் சார்லஸ் பிளாட்டும் கேத்ரின் சைலரும் அதைத்தான் சோதித்தார்கள். உண்மையான விலையைச் சொல்வதுதான் லாபம் என்று விளக்கி, பயிற்சி கொடுத்து, யார் என்ன விலை சொன்னார் என்பது வெளியே தெரியாமல் நடத்தினார்கள். கோப்பைக்கு இருந்த இடைவெளி காணாமல் போனது. மூளைக்கு ஒரு வகுப்பு எடுத்தால் சரியாகிவிடுமா என்ன?

கணக்குப்பிள்ளை:
எதிர்க்கரை, பாதிக் கதையைச் சொல்கிறீர்கள். கோப்பைக்கு முன்னால் அதே கார்னெல் மாணவர்கள் வெறும் வில்லைகளை வைத்தும் விற்று வாங்கினார்கள். ஒவ்வொரு வில்லைக்கும் எவ்வளவு பணம் கிடைக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அங்கே வியாபாரம் கணக்குப்படி நடந்தது. பேரம் பேசும் பழக்கம்தான் காரணம் என்றால் வில்லையிலும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வேறொரு சோதனையில் மூன்றாவதாக ஒரு குழுவைச் சேர்த்தார்கள். அவர்களிடம் கோப்பையும் இல்லை, அவர்கள் பணம் கொடுக்கவும் வேண்டாம். "கோப்பை வேண்டுமா, இவ்வளவு பணம் வேண்டுமா?" என்பது மட்டும்தான் கேள்வி. விற்பவர்களுக்கும் நிலைமை அதேதான், கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோவது கோப்பை அல்லது பணம். ஆனால் விற்பவர்கள் 7.12 டாலர் கேட்டார்கள், தேர்ந்தெடுத்தவர்களுக்கு 3.12 போதும் என்று ஆனது. வாங்குபவர்கள் தர முன்வந்தது 2.87. பேரமே இல்லாத குழு வாங்குபவர்கள் பக்கத்தில் போய் நிற்கிறது. வித்தியாசம் எல்லாம் "என்னுடையது" என்ற ஒரு சொல்லில்தான்.

நரம்பியல் மாணவி:
மூளையைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லையே. 2008இல் பிரையன் நட்சனும் குழுவினரும் ஸ்கேன் கருவிக்குள் ஆட்களைப் படுக்க வைத்து, பொருள்களை வாங்கவும் விற்கவும் சொன்னார்கள். பிடித்த பொருளைக் கண்டதும், இன்பத்தை எதிர்பார்க்கும்போது வேலை செய்யும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற மூளைப் பகுதி கிளர்ச்சியடைந்தது, வாங்கும்போதும் விற்கும்போதும் ஒரே மாதிரி. அதாவது சொந்தமானதால் பொருள் கூடுதலாக இனிக்கவில்லை. பிடித்த பொருளை விற்கும்போது மூளையின் இன்னொரு பகுதியான வலது இன்சுலா யாருக்கு அதிகம் வேலை செய்ததோ, அவருக்கே உடைமை விளைவும் அதிகம். கொடுப்பது கசக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன்.

2012இல் டேவிட் டோலின் குழு செய்ததும் இதனுடன் பொருந்துகிறது. எதையும் தூக்கிப்போட முடியாமல் வீடு முழுக்கச் சேர்த்து வைக்கும் நோயுள்ளவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்தே விளம்பரத் தாள், செய்தித்தாள் போன்றவற்றைக் கொண்டுவரச் சொல்லி, ஸ்கேன் நடக்கும்போது ஒவ்வொன்றாகக் காட்டி வைத்துக்கொள்வதா, கிழித்துப்போடுவதா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்ன தாள் நிஜமாகவே கிழிபடும். தன் தாள் வந்தபோது இன்சுலா மற்றவர்களைவிட அதிகமாக வேலை செய்தது. ஆய்வாளர்களின் தாள் வந்தபோது மற்றவர்களைவிடக் குறைவாக. இரண்டுமே குப்பைக் காகிதம்தான்.

எதிர்க்கரை:
இன்சுலா வலிக்கும் வேலை செய்யும், அருவருப்புக்கும் செய்யும், நெஞ்சுத் துடிப்பைக் கவனித்தாலும் செய்யும். வெளிச்சம் எரிகிறது என்பதை வைத்து வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியுமா?

சரி, பிறவிக் குணம் என்றே வைத்துக்கொள்வோம். தான்சானியாவில் வேட்டையாடியும் சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களிடம் அப்பிசெல்லா குழு சென்றது, 2014இல் வெளியான ஆய்வு. பிஸ்கட்டோ லைட்டரோ கையில் கொடுத்து, வேறொன்றுக்கு மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். உள்ளடங்கிய முகாம்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மாற்றிக்கொண்டார்கள், அதாவது எந்தப் பிடிவாதமும் இல்லை. சுற்றுலாப் பயணிகளும் சந்தையும் தொட்ட முகாம்களில் பெரும்பாலோர் கொடுத்ததையே பிடித்துக்கொண்டார்கள். இரு இடத்திலும் இருப்பது ஒரே மூளை.

நரம்பியல் மாணவி:
சிம்பன்சிகளுக்கு எந்தச் சந்தை ஐயா? 2007இல் சாரா பிராஸ்னன் குழு பார்த்தபோது கையில் கிடைத்த தின்பண்டத்தை அவை எளிதில் மாற்றிக்கொள்ளவில்லை.

எதிர்க்கரை:
விளையாட்டுப் பொருள்களில் அவற்றுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தங்கச்சி. தின்பதைத் திருப்பிக் கொடுக்க என் பேரனும்தான் யோசிப்பான்.

நரம்பியல் மாணவி:
ஒப்புக்கொள்கிறேன், அது எனக்குத் தெரியும், சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பழக்கம் என்று நீங்கள் சொல்வதும் மூளையில்தானே படிகிறது? வேறு எங்கே?

செட்டிநாட்டுச் சாமான்:
காரைக்குடியில் பழம்பொருள் கடையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ஆராய்ச்சி தெரியாது, எங்கள் முதலாளியின் ஒரு சட்டம் தெரியும். கடைச் சாமான் ஒரு ராத்திரிகூட வீட்டுக்குப் போகக் கூடாது. கடையில் இருக்கும் தூண், குத்துவிளக்கு, மரவை எதைக் கேட்டாலும் நல்ல விலை வந்த நிமிடம் கொடுத்துவிடுவேன், மனம் அசையாது. முதல் வருடம் ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டியைப் புளி போட்டுத் தேய்க்க வீட்டுக்குக் கொண்டுபோனேன். மூடியின் உள்பக்கத்தில் பச்சைக் களிம்பு போகவே இல்லை. அந்தப் பெட்டி இன்றும் என் வீட்டில்தான் இருக்கிறது. மூன்று பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அதன் விலையை நானே முதலாளிக்குச் சம்பளத்தில் கழித்தேன்.

கணக்குப்பிள்ளை:
அண்ணன் சொல்வதை ஜான் லிஸ்ட் 2003இல் விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டைகளை விற்று வாங்கும் சந்தையில் பார்த்தார். நிறைய விற்று வாங்கிப் பழகிய வியாபாரிகளிடம் இந்த விளைவு மங்கிவிட்டது.

எதிர்க்கரை:
அதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்!

செட்டிநாட்டுச் சாமான்:
சண்டை இருக்கட்டும். முற்றம் அம்மா, அந்த ஊஞ்சல் உங்களுடையது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடை வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன், நீங்கள் வழியில் பார்க்கிறீர்கள். எவ்வளவு கொடுப்பீர்கள்?

முற்றம்:
இரண்டு நாளாக யோசித்தேன். ஏழாயிரம். அதுவும் சங்கிலிக்குச் சாயம் அடித்துக் கொடுத்தால்.

வீட்டில் சொன்னதும் இவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வியாபாரியை இன்னும் கூப்பிடவில்லை. புது வீட்டில் கூரையில் கொக்கி போட விடமாட்டார்கள், ஆனால் கால் வைத்துத் திண்ணைபோல் போட்டுக்கொள்ளலாமே என்று நேற்று அளவு நாடாவுடன் போய் வந்தேன். பலகை ஆறரை அடி. சுவர் ஆறேகால்.

செட்டிநாட்டுச் சாமான்:
கால் அடி அறுக்க மட்டும் ஆசாரியைக் கூப்பிட்டுவிடாதீர்கள் அம்மா. அறுத்த பலகைக்கு நாலாயிரம்கூடப் போகாது.