பவர்பிசி மேக், இன்டெல் மேக் போர்டு படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். ஆப்பிள் தன் மேக் கணினிகளில் பவர்பிசி பிராசசரை விட்டு இன்டெல் பிராசசருக்கு மாறிய கதையைக் கல்லூரி மாணவர்களுக்குச் சொல்லப்போகிறேன். 2005 ஜூனில் அறிவித்தார்கள். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் ஐமேக் வந்துவிட்டது. காரணம் பலருக்கும் தெரியும்: 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஜி5 (பவர்பிசி வகை பிராசசர்) வரும் என்று 2003-இல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார், வரவில்லை, சூடு தாங்காமல் லேப்டாப்பிலும் ஜி5 ஏறவே இல்லை.

எனக்கு வேண்டியது அது இல்லை. ஜி5 காலத்தில் பிராசசரையும் மெமரியையும் இணைக்கும் கன்ட்ரோலர் சிப்பை ஆப்பிளே வடிவமைத்தது. இன்டெலுக்குப் போனதும் அந்த இடத்தில் இன்டெலின் சிப்செட் வந்து உட்கார்ந்தது, கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான ஓப்பன் ஃபர்ம்வேர் போய் இஎஃப்ஐ வந்தது. அப்படியென்றால் மதர்போர்டில் ஆப்பிளின் சொந்த வேலை என்று எவ்வளவு மிஞ்சியது? பெட்டியின் வடிவம், ஃபயர்வயர் (வெளிக் கருவிகளை இணைக்கும் போர்ட்), விசிறிக் கட்டுப்பாடு இவ்வளவுதானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2005 கடைசியில் வந்த ஜி5 ஐமேக்கும் 2006 இன்டெல் ஐமேக்கும் வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். இரண்டையும் திறந்து சர்வீஸ் செய்தவர்கள் யாராவது இருந்தால் போர்டு படங்களை இங்கே போடுங்களேன். சிப் மேல் இருக்கும் எழுத்து படத்தில் படிக்கும்படி தெரிந்தால் போதும். அப்புறம், பழைய சர்வீஸ் மேனுவல் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள்.