இஞ்சி டீ லாட்டே பண்ணா பால் திரிஞ்சு போகுது, சாதா டீல திரியல, ஏன்னு யாராச்சும் சொல்லுங்க

சிறுவாணிச்சாரல்:
வணக்கமுங்க எல்லாருக்கும். கோவைல மழை பிடிச்சதுல இருந்து சாயங்காலம் ஆச்சுன்னா கெட்டியா நுரையோட பெரிய கப்ல ஒரு டீ லாட்டே வேணும்னு வீட்ல எல்லாருக்கும் தோணுது, கடையில போய் குடிச்சா கட்டுப்படியாகாதுன்னு பால்ல நுரை அடிக்கறதுக்கு பேட்டரில ஓடுற ஃப்ராதர் ஒண்ணு வாங்கி வீட்லயே பண்றேன். பண்ற விதம் இதுதான்: ஒரு டம்ளர் தண்ணில டஸ்ட் டீ ஒரு ஸ்பூன், ஏலக்காய் தட்டிப் போட்டு டிகாக்‌ஷன் இறக்கி வடிகட்டி கப்ல ஊத்திருவேன். இன்னொரு பாத்திரத்துல பால், அதுல இஞ்சி துருவி பிழிஞ்ச சாறு ஒரு ஸ்பூன். இஞ்சிய கொதிக்க விட்டா வாசம் போயிரும், பால்லயே போட்டு லேசா சூடு பண்ணுங்கன்னு ஒரு வீடியோல சொன்னாங்க, அதனால கொதி வராம ஆவி வர்ற அளவுக்கு மட்டும் சூடு பண்ணி ஃப்ராதர் விட்டு அடிக்கறேன். அடிக்கும்போதே பால் திப்பி திப்பியா ஆயிருதுங்க, சில நேரம் பாத்திரத்தோட அடியில தயிர் மாதிரி ஒட்டிக்குது, டீல ஊத்துனா மேல தண்ணியாவும் கீழ வெள்ளையா துகளாவும் நிக்குது. கடைசில நாட்டுச்சக்கரை போடறேன்.

இதே பால், இதே இஞ்சி, எங்க அத்தை காலைல சட்டில எல்லாத்தையும் போட்டு கொதிக்க வெக்கற டீல ஒண்ணுமே ஆகறதில்லைங்க. அதான் புரியல. இன்னொண்ணு, திரியாம வந்தாலும் டீ ருசியே தெரிய மாட்டேங்குது, வெறும் பால் குடிக்கற மாதிரி இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

காலைச்சூரியன்:
பால் பழசா இருக்கும் சிஸ். ஃப்ரிட்ஜ்ல எத்தனை நாளா இருக்கு? பால் புளிக்க ஆரம்பிச்சா பச்சையா பாக்கறப்போ ஒண்ணும் தெரியாது, சூடு பட்டதும் திரிஞ்சுரும். ஒரு கரண்டில கொஞ்சம் ஊத்தி நல்லா கொதிக்க விட்டு பாருங்க, திரிஞ்சா பால்தான் காரணம்.

பாயசப்பிரியை:
எனக்கு நாட்டுச்சக்கரை மேலதான் சந்தேகம். வெல்லம், நாட்டுச்சக்கரை ரெண்டுலயும் லேசா புளிப்புத்தன்மை இருக்கும், சுடச்சுட பால்ல விழுந்தா திரியும். பாயசத்துக்கு வெல்லப்பாகு ஆறின அப்புறம்தானே பால் ஊத்தறோம், அதுக்கு காரணமே இதுதான். வெள்ளை சக்கரை போட்டு பண்ணி பாருங்க.

ஆனா நீங்க சொல்றது படிச்சா சக்கரை போடறதுக்கு முன்னாடியே திரியுது போல இருக்கே, அது கொஞ்சம் இடிக்குது.

சிறுவாணிச்சாரல்:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. பால் அன்னன்னைக்கு காலைல வர்ற பாக்கெட் பால்தான், கரண்டில கொதிக்க வெச்சு பாத்தேன், திரியல. ஆமாங்க, சக்கரை போடறதுக்கு முன்னாடியே திரியுது, வெள்ளை சக்கரைக்கும் அதேதான்.

நொதிவீடு:
அக்கா, ஒரே நேரத்துல எல்லாத்தையும் மாத்தாம ஒண்ணொண்ணா பிரிச்சு பாத்துருங்க, அப்பதான் கையும் களவுமா பிடிக்க முடியும். மூணு சின்ன கிண்ணம் எடுத்துக்கோங்க, மூணுலயும் ஒரே சூட்டுல பால், கை வெச்சா ரெண்டு மூணு செகண்டுக்கு மேல தாங்காத அளவு சூடு போதும். முதல் கிண்ணத்துல எதுவும் வேண்டாம். ரெண்டாவதுல நாட்டுச்சக்கரை. மூணாவதுல இஞ்சி சாறு. கலக்கிட்டு அப்படியே அஞ்சு பத்து நிமிஷம் தொடாம விடுங்க. மூணாவது மட்டும் கெட்டி ஆச்சுன்னா எனக்கு காரணம் தெரியும், விவரமா எழுதறேன்.

சிறுவாணிச்சாரல்:
தம்பி நீங்க சொன்ன மாதிரியே வெச்சு பாத்தேன். முதல் ரெண்டும் அப்படியே பாலா இருக்கு. இஞ்சி கிண்ணம் மட்டும் கெட்டி ஆயிருச்சு, ஸ்பூன்ல எடுத்தா இளசா கடல்பாசி மாதிரி ஆடுது! புளிப்பே இல்லைங்க, இஞ்சி காரமும் பால் ருசியும்தான். இது என்ன?

நொதிவீடு:
அதேதான் அக்கா. இதுல பால் மேலயும் தப்பு இல்ல, சக்கரை மேலயும் இல்ல. பச்சை இஞ்சில புரதத்தை வெட்டற ஒரு நொதி (என்சைம்) இருக்கு, ஜிஞ்சிபெயின்னு பேரு. பால் திரியறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு புளிப்பு, எலுமிச்சை பிழிஞ்சா பன்னீர் வர்றது அப்படித்தான். இன்னொண்ணு நொதி. சீஸ் பண்றவங்க ரென்னெட்னு ஒண்ணு சேர்ப்பாங்க, அது பால்ல இருக்கற கேசின்ங்கற புரதத்தை ஒரு இடத்துல வெட்டி விட்டுரும், வெட்டுனதும் அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கெட்டி ஆயிரும். இஞ்சியோட நொதியும் பால்ல அதே வேலையத்தான் செய்யுது, அதனாலதான் உங்களுக்கு புளிப்பே தெரியல. மட்டனுக்கு இஞ்சி அரைச்சு பிரட்டி வெச்சா கறி மெத்துன்னு ஆகுதே, அதுலயும் இந்த நொதிக்கு பங்கு இருக்கு, பப்பாளிக்காய் போட்டா வேகமா வேகறதும் இதே வகை நொதியாலதான்.

இப்ப முக்கியமான விஷயம் சூடு. இந்த நொதி 60 டிகிரி பக்கத்துல நல்லா வேலை செய்யும், கொதிக்கற தண்ணில போட்டா செத்துரும். லாட்டேக்கு பாலை எவ்ளோ சூடு பண்ணுவோம்? 60ல இருந்து 65 டிகிரி. அதாவது நீங்க நொதிக்கு எந்த சூடு பிடிக்குமோ அதே சூட்டுல பாலையும் இஞ்சி சாறையும் சேர்த்து வெச்சு, ஃப்ராதரால அடிச்சு வேற கலக்கறீங்க. சீனாவுல குவாங்டாங் பக்கம் இதையே வேணும்னு பண்ணி இனிப்பா சாப்பிடறாங்க, சூடான சக்கரை பாலை இஞ்சி சாறு மேல ஊத்திட்டு ஆடாம அசையாம வெச்சா கொஞ்ச நேரத்துல புட்டிங் ரெடி.

உங்க அத்தை டீ ஏன் திரியலன்னா அவங்க இஞ்சிய தட்டி முதல்ல தண்ணில போட்டு கொதிக்க விடறாங்களா இருக்கும், பால் வர்றதுக்கு முன்னாடியே நொதி காலி. அதனால நீங்களும் இஞ்சிய டிகாக்‌ஷன் பக்கம் மாத்திருங்க. தண்ணில தட்டிப் போட்டு தளதளன்னு மூணு நாலு நிமிஷம் கொதிக்கட்டும், அப்புறம் டீத்தூள். வாசம் போயிரும்னு வீடியோல சொன்னது முழுசா தப்பில்ல, கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதுக்கு இஞ்சிய கூட ஒரு துண்டு சேர்த்து மூடி போட்டு கொதிக்க விடுங்க, ஆவியோட வாசம் வெளிய போகாது.

பாயசப்பிரியை:
அட, எனக்கு இது புதுசு. எங்க வீட்ல பால் பொங்குறப்போ இஞ்சி தட்டிப் போடுவோம், அதுல எப்பவாச்சும்தான் திரியும், ஏன் எப்பவும் திரியறதில்ல?

நொதிவீடு:
பால் கொதி நிலைல இருக்கறப்போ இஞ்சி விழுந்தா நொதிக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. அடுப்பை சிம்ல வெச்சு மெதுவா சூடேத்துனாலோ, இஞ்சி ரொம்ப இளசா சாறு நிறைய இருந்தாலோ, பால் ஏற்கனவே கொஞ்சம் பழசா இருந்தாலோ திரியும். எப்பவாச்சும் நடக்கறதுக்கு காரணம் அதான்.

குன்னூர்க்குளிர்:
திரியற விஷயத்தை தம்பி தெளிவா சொல்லிட்டார். ருசி தெரியலங்கறதுக்கு நான் சொல்றேன், தேயிலைக்கு நடுவுலயே பொறந்து வளர்ந்தவன். ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் தூள்ங்கறது வெறும் கட்டன் சாயாவா குடிக்க சரி, லாட்டேல பால் பாதிக்கு மேல இருக்குமே, அதுல எங்க டீ தெரியும்? 120 மில்லி தண்ணிக்கு 2 டீஸ்பூன் நிறைய தூள், கிட்டத்தட்ட 5 கிராம் வரும், அதுக்கு 150 மில்லி பால். தண்ணி கொதிச்சதும் தூளைப் போட்டு அடுப்பை அணைச்சு மூடி நாலு நிமிஷம். தயவுசெஞ்சு ஸ்ட்ராங் வேணும்னு பத்து நிமிஷம் கொதிக்க விடாதீங்க, அப்படி கொதிச்சா துவர்ப்புதான் ஏறும், டீயோட வாசம் அடங்கிரும். ஸ்ட்ராங் வேணும்னா தூளைத்தான் கூட்டணும், நேரத்தை கூட்டக்கூடாது.

தூள் நீங்க டஸ்ட் டீ போடறது சரியான தேர்வுதான். சி.டி.சி. தேயிலைன்னு சொல்றது இலையை ரோலர்ல நசுக்கி கிழிச்சு சுருட்டறது, சீக்கிரம் சாயம் இறங்கும், பாலுக்கு ஈடு கொடுக்கும். நீலகிரி ஆர்த்தடாக்ஸ்னு முழு இலையா வர்றது அவ்ளோ அருமையான வாசம், அதை பால் ஊத்தி குடிச்சா எனக்கு மனசு கேக்காது, அது தனியா குடிக்க வேண்டியது. சிலர் நல்ல டீன்னா லாட்டேவும் நல்லா இருக்கும்னு விலை கூடுன இலையா வாங்கி ஏமாந்து போறாங்க.

இஞ்சி மட்டும் தனியா கொதிச்சு முடிச்ச அப்புறம்தான் தூள் போடணும், ரெண்டையும் ஒண்ணா போட்டு கொதிக்க விட்டா இஞ்சிக்கு வேண்டிய நேரம் தேயிலைக்கு அதிகம் ஆயிரும்.

ஸ்காபரோ தேத்தண்ணி:
நான் கனடாவில இருந்து எழுதுறன். இங்க குளிருக்கு எல்லாரும் லண்டன் ஃபொக் எண்டு ஒண்டு குடிக்கிறவை, பேர்தான் லண்டன், தொடங்கினது இங்க வன்கூவரில 1990களில. ஏர்ல் கிரே தேயிலையை நல்ல சாயமா ஊறவிட்டு, வனிலா சிரப் கொஞ்சம், மேல நுரைச்ச பால். ஏர்ல் கிரேயில இருக்கிற வாசம் பேர்கமொட் எண்டு தேசிக்காய் குடும்பத்துப் பழத்தின்ர தோல் எண்ணெய். தேசிக்காய் எண்டவுடன பால் திரைஞ்சிடும் எண்டு பயப்பிடத் தேவையில்லை, அது எண்ணெய்தான், புளி இல்லை. ஆனா புளிப்புச் சேர்த்து வாற லெமன் டீ பேக், செம்பரத்தம்பூ டீ எல்லாத்துக்கும் பால் விட்டால் திரையக்கூடும். இஞ்சி வேண்டாம் எண்ட நாளுக்கு இதைச் செய்து பாருங்கோ அக்கா, நல்லா இருக்கும்.

காலைச்சூரியன்:
நுரை பத்தியும் யாராச்சும் சொல்லுங்க, எனக்கு அடிச்சதும் நிக்குது, கப்ல ஊத்துனதும் பெரிய பெரிய குமிழா உடைஞ்சு போயிருது. ஆரஞ்சு பாக்கெட் பால்தான், காய்ச்சி வெச்சதை எடுத்து அடிக்கறேன்.

நொதிவீடு:
நுரையை பிடிச்சு நிக்க வெக்கறது பால்ல இருக்கற புரதம், கொழுப்பு இல்ல. ஆவின் நீலத்துல கொழுப்பு 3 சதவீதம், பச்சைல 4.5, ஆரஞ்சுல 6. நீலத்துல நுரை நல்லா உசந்து நிக்கும், பச்சைல நுரை கொஞ்சம் கம்மி ஆனா வாய்ல வெச்சா வழுவழுன்னு இருக்கும், எனக்கு பச்சைதான் பிடிக்கும். காய்ச்சுன பால்னா மேல இருக்கற ஏட்டை முழுசா எடுத்துருங்க, ஏடு துண்டு துண்டா கலந்தா நுரை நிக்காது. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சில்லுன்னு இருக்கற பாலை அடுப்புல வெச்சு, இளஞ்சூட்டுலயே ஃப்ராதரை மேல் மட்டத்துல பிடிச்சு காத்து உள்ள போக விடுங்க, பால் கொஞ்சம் உசந்ததும் குச்சியை உள்ள இறக்கி சுழல விடுங்க. 65 தாண்ட விடாதீங்க. இறக்குனதும் பாத்திரத்தை மேடைல ரெண்டு தட்டு தட்டுனா பெரிய குமிழ் உடைஞ்சுரும், அப்புறம் ஒரு சுழட்டு சுழட்டி உடனே ஊத்துங்க, நிக்க வெச்சா பால் வேற நுரை வேறயா பிரிஞ்சுரும்.

கிண்டித்தெரு:
இடைல ஒரு கேள்வி. எனக்கு திரியல, ஆனா பால் இல்லாத டிகாக்‌ஷன் மேலயே பளபளன்னு ஒரு படலம் மிதக்குது, கப் ஓரத்துல கறையா ஒட்டுது. இதுவும் திரியறதுல சேர்த்தியா?

குன்னூர்க்குளிர்:
இல்லைங்க, அது தண்ணி. போர்வெல் தண்ணில சுண்ணாம்புச் சத்து கூட இருந்தா டீல அப்படித்தான் படலம் கட்டும், சாயமும் மங்கலா கருப்படிச்சு வரும். டீக்கு மட்டும் கேன் தண்ணியோ ஃபில்டர் தண்ணியோ வெச்சு பாருங்க, படலம் போயிரும். கோவை அக்காவுக்கு சுண்ணாம்பு கம்மியான சிறுவாணி ஆத்துத் தண்ணின்னா இந்த கவலையே கிடையாது.

சிறுவாணிச்சாரல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க! இஞ்சிய தட்டி தண்ணில மூடி போட்டு கொதிக்க விட்டு, அப்புறம் தூள் ரெண்டு ஸ்பூன் போட்டு அணைச்சு வெச்சு, நீல பாக்கெட் பாலை தனியா நுரை அடிச்சு ஊத்துனேன். ஒரு துகள் கூட இல்லைங்க. டீ நல்லா செம்பழுப்பா, நுரை கப் விளிம்பு வரைக்கும் நின்னுச்சு, அத்தை ரெண்டாவது கப் கேட்டு வாங்கி குடிச்சாங்க. நாட்டுச்சக்கரையையும் இப்ப டிகாக்‌ஷன்லயே கரைச்சுடறேன், பால்ல போடறதில்ல.

இன்னும் ஒண்ணே ஒண்ணு, இஞ்சி டிகாக்‌ஷனை மொத்தமா போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாமா, தினமும் சாயங்காலம் வேலை மிச்சமாகும்.

குன்னூர்க்குளிர்:
வெச்சுக்கலாம்மா, தூளை நல்லா வடிகட்டிட்டு கண்ணாடி பாட்டில்ல மூடி வெச்சா ரெண்டு நாள் தாங்கும், அதுக்கு மேல வாசம் போயிரும். நல்ல ஸ்ட்ராங் டிகாக்‌ஷன் குளுந்ததும் கலங்கலா தெரியும், கெட்டுப் போச்சுன்னு கொட்டிராதீங்க, தேயிலைல இருக்கற காஃபினும் துவர்ப்புச் சத்தும் குளிர்ல ஒண்ணோட ஒண்ணு சேர்றதால வர்ற கலங்கல் அது, சூடு பண்ணா தெளிஞ்சுரும். சூடு பண்றப்போ ஆவி வந்ததும் இறக்கிருங்க, மறுபடி கொதிக்க விட வேண்டாம்.