நைட்லி பில்டுக்கு மாறலாமா, காத்திருக்கலாமா?

நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். நான் தினமும் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் வீடியோ எடிட்டரில் நீளமான வீடியோவை ரெண்டர் செய்தால் ஒலி பின்தங்கிவிடுகிறது. அதன் கிட் முதன்மைக் கிளையில் (உருவாக்குநர்கள் புதிய குறியீட்டு மாற்றங்களைச் சேர்க்கும் இடம்) இதைச் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் நான் இருப்பது டெபியன் ஸ்டேபிளில் (டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான பதிப்பு), அங்கே புதிய பதிப்பு வர ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஆகும், நடுவில் பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத்திருத்தங்களும்தான் வரும்.

நைட்லி பில்டை (புதிய குறியீட்டிலிருந்து தினமும் தானாக உருவாகும் சோதனைப் பதிப்பு) ஆப்இமேஜாக (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) எடுத்தால் பழையதைத் தொடாமல் தனியாக ஓட்டலாம், சரி. என் பயமெல்லாம் புராஜெக்ட் கோப்பு பற்றித்தான். புதியதில் ஒருமுறை சேமித்தபின் பழையதில் திறக்காவிட்டால் பல மாத உழைப்பு போய்விடும். அப்புறம் இரண்டும் ஒரே கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்புறையில் எழுதினால்?

இரண்டையும் சேர்த்து வைத்து வேலை செய்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இல்லை, ஒலியைச் சரிசெய்த அந்த ஒரு கமிட்டை (குறியீட்டு மாற்றத்தை) மட்டும் செர்ரி-பிக் செய்து, அதாவது பழைய பதிப்பின் குறியீட்டில் சேர்த்து, அதை நானே கம்பைல் செய்வது நல்லதா?