மறு: 'கார்ட்' – நாணா, பிடியா, கொத்தா?

வணக்கம். 'கார்ட்' (chord) என்றால் சில சுரங்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> அகராதியில் இருக்கிறபடி 'நாண்' என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம். அது கணக்குப் புத்தகத்து நாண். வட்டத்தின் மேல் இரண்டு புள்ளிகளைச் சேர்க்கிற கோடு. கிட்டாரில் ஏற்கெனவே ஆறு நாண் கட்டியிருக்கிறது. அவற்றைச் சேர்த்து மீட்டினால் வருவதும் நாண் என்றால் சொல்லிக்கொடுப்பவர் பாடு திண்டாட்டம். 'மேஜர் ஸ்கேல்' என்ற சுர வரிசையைப் 'பெரிய அளவுகோல்' ஆக்குகிற வழிதான் இதுவும்.

> வாசிப்பவர்கள் 'கார்ட் பிடிக்கிறேன்' என்கிறார்கள். 'பிடி' போதாதா?

எனக்கும் ஆசைதான். ஆனால் பிடி என்பது கையின் வேலை. சி மேஜர் என்ற ஒரே கார்டைக் கிட்டார் கழுத்தின் நாலைந்து இடங்களில் வெவ்வேறு விதமாகப் பிடிக்கலாம். ஒலிக்கிற சுரங்கள் அதே ச, க, ப. ஆகவே விரல் வைப்புக்குப் பிடி, ஒலிக்குச் சுரக்கொத்து. பேச்சில் வெறும் 'கொத்து' போதும். (ராகத்தை அடையாளம் காட்டும் சுரத்தொடருக்கும் பிடி என்றே பெயர். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.)

'கிளை' என்று எழுதிய நண்பருக்கு: அழகான சொல், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. சிலப்பதிகார உரைக் கணக்கில் நின்ற நரம்புக்கு (எண்ணத் தொடங்கும் சுரத்துக்கு) ஐந்தாவது கிளை, நாலாவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. கொத்துக்கு உயிரே அந்த மூன்றாவதுதான். பகையாளியை நடுவில் உட்காரவைத்துவிட்டுக் கிளை என்று பெயர் வைப்பதா!

இனி, இழை தொடங்கிய கேள்வி: ஸ்கேலுக்கும் கொத்துக்கும் என்ன உறவு? மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணத்தின் சுரங்கள். அதில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்றை எடுங்கள். ச-க-ப ஒரு கொத்து, ரி-ம-த அடுத்தது, இப்படி ஏழு. ஆனால் இடைவெளி ஒரே மாதிரி இல்லை. ச-விலிருந்து க நாலு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் கட்டங்கள்), அங்கிருந்து ப மூன்று. ரி-யில் தொடங்கினால் முதலில் மூன்று, பிறகு நாலு. முதல் வகை மேஜர், இரண்டாவது மைனர்.

'பெருங்கொத்து, சிறுகொத்து' எனக்கு ஒட்டவில்லை. ஈ மேஜரைப் பிடித்து மீட்டுங்கள். அப்புறம் (மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி) மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கிற ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்துவிட்டு மீட்டுங்கள். ஈ மைனர் ஆகிவிட்டது. எதுவும் சிறுக்கவில்லை; அந்தர காந்தாரம் ஒரு ஃப்ரெட் இறங்கிச் சாதாரண காந்தாரமாக இளகியது, அவ்வளவுதான். வல்லினம் மெல்லினம் படித்தவர்களுக்கு வன்கொத்து, மென்கொத்து என்றால் விளக்கமே வேண்டாம். சங்கராபரணத்தில் ச, ம, ப மேல் வன்கொத்து. ரி, க, த மேல் மென்கொத்து. நி மட்டும் தனி ஆள்: மூன்று, மறுபடி மூன்று. பஞ்சமமும் சுருங்கிவிடுவதால் அது குறுங்கொத்து. (அதற்கு 'இடைக்கொத்து' என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.)

இந்த ஏழுக்கும் சேர்த்து அகக்கொத்து என்கிறேன். சி ஸ்கேலில் டி மைனர் அகம். டி மேஜர் போட்டால் பிரதி மத்திமம் (ஒரு ஃப்ரெட் உயர்ந்த ம) வெளியிலிருந்து வந்துவிடுகிறது, அது புறக்கொத்து. பாட்டில் புறக்கொத்து வரக்கூடாது என்றில்லை. வந்தால் காது நிமிரும்.

> எண் போட்டால் கட்டையோடு குழம்பாதா?

நியாயமான பயம். கட்டை என்பது சுருதியின் எண்; கொத்தின் எண், அது ஸ்கேலின் எத்தனையாவது சுரத்தில் தொடங்குகிறது என்பது. நாலு கட்டை என்றால் எப்போதும் எஃப். நாலாங்கொத்து அப்படி இல்லை, ஆதார சுருதியோடு (ச வைக்கிற இடத்தோடு) நகரும். ஒரு கட்டையில் (ச = சி) நாலாங்கொத்து எஃப். ஐந்து கட்டையில் (ச = ஜி) அதுவே சி. 'கட்டை' என்றால் இடம், '-ஆங்கொத்து' என்றால் முறை. தெருவில் நாலாம் வீடும் குடும்பத்தில் நாலாம் பிள்ளையும் போல. யாரும் மாற்றிக் கூப்பிடுவதில்லையே?

ஜி செவன் மாதிரி நாலு சுரம் சேர்வதற்கு 'நாற்கொத்து' வைத்திருக்கிறேன், காதுக்கு முரடாக இருக்கிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.