வங்காள விரிகுடா கதிர்வீச்சுத் தரவு: சராசரி ஒத்துப்போனால் போதுமா?

கடல்மாணவி:
வணக்கம். முதுகலை ஆய்வுக்காக வங்காள விரிகுடாவில் 15 டிகிரி வடக்கு, 90 டிகிரி கிழக்கில் நிற்கும் ராமா மிதவையின் (இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கும் மிதவை வலையமைப்பு) குறுஅலைக் கதிர்வீச்சுப் பதிவை, அதாவது கடல்மேல் விழும் வெயிலின் அளவை வைத்து இரண்டு தரவுத்தொகுப்புகளைச் சோதிக்கிறேன். ஒன்று ஈஆர்ஏ5, அதாவது அளவீடுகளை வானிலை மாதிரிக்குள் செலுத்திக் கடந்தகால வானிலையைத் திரும்பக் கணக்கிட்ட ஐரோப்பியத் தரவு. இன்னொன்று நாசாவின் செரஸ் சின்1டிகிரி, செயற்கைக்கோள் அளவுகளிலிருந்து ஒரு டிகிரிக் கட்டங்களாகக் கணக்கிட்டது. ஆண்டுச் சராசரி எடுத்தால் ஈஆர்ஏ5 மிதவைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது, ஆனால் நாள்வாரியாகப் புள்ளி வைத்துப் பார்த்தால் ஒரே சிதறல். செரஸ் அவ்வளவு சிதறவில்லை. வழிகாட்டி “சராசரி சரியாக இருக்கிறதே, எழுதிவிடு” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எதை வைத்துத் துல்லியம் என்று சொல்வது?

மிதவைக்காரன்:
உங்கள் சந்தேகம் சரிதான், விட்டுவிடாதீர்கள். வெயில் தெளிந்த நாளில் குறைவாகவும் மேகமூட்டமான நாளில் அதிகமாகவும் காட்டுகிற தரவுக்குக்கூட ஆண்டுச் சராசரி அழகாக வந்துவிடும், ஒரு தவறை இன்னொரு தவறு விழுங்கிவிடுகிறது. அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தனியாக, மற்ற மாதங்கள் தனியாக என்று பிரித்துப் பாருங்கள். பருவமழை மேகத்தில்தான் வண்டவாளம் தெரியும்.

இது வெறும் கணக்கு விஷயம் இல்லை. வங்காள விரிகுடாவில் ஆற்று நீரும் மழை நீரும் மேலே படிவதால் கலப்பு அடுக்கு (காற்றால் நன்றாகக் கலந்துபோன கடலின் மேல் அடுக்கு) மெல்லியதாக இருக்கும். 20 மீட்டர் அடுக்கு என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 10 வாட் பிழை ஒரு மாதம் நீடித்து அத்தனையும் அந்த அடுக்கிலேயே தங்கினால் 0.3 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை வித்தியாசம் வந்துவிடும். அந்தத் தரவைக் கொடுத்து ஓட்டுகிற கடலின் கணினி மாதிரி எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள்.

வெயில்கணக்கு:
அதற்கு முன்னால் மிதவையையே சோதியுங்கள். அதுவும் ஒரு கருவிதான், கடவுள் இல்லை. கண்ணாடிக் குமிழில் தூசி படியும், பறவை எச்சம் விழும், மிதவை சாயும். அட்லாண்டிக்கில் இதேபோன்ற வலையமைப்பான பிராட்டாவின் மிதவைகள் சிலவற்றில் சஹாரா தூசி படிந்து அளவு குறைந்துபோனது தெரிந்த கதை, மழை வந்து கழுவினால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். உங்கள் மிதவையில் மேகமில்லாத நாட்களின் நண்பகல் அளவை மட்டும் எடுத்து, தெளிந்த வானத்துக்கான கணக்கோடு வரிசையாக வைத்துப் பாருங்கள். மாதங்கள் போகப் போக மெல்ல இறங்கிக்கொண்டே வந்து, பராமரிப்புக் கப்பல் போன பிறகு சட்டென்று ஏறினால் சந்தேகப்பட வேண்டியது கருவியைத்தான்.

இன்னொன்று, மிதவை ஒரு புள்ளி. சின்1டிகிரியின் ஒரு கட்டம் கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர். ஒரு மேகம் மிதவைக்கு மேலே நின்றால் மணிக்கணக்கு அளவு தலைகீழாகிவிடும், கட்டத்தின் சராசரியோ அசையாது. அந்தச் சிதறல் முழுவதையும் தரவின் தலையில் கட்டாதீர்கள்.

கடல்மாணவி:
ரொம்ப நன்றிங்க. மணிவாரி ஒப்பீட்டில் இன்னொரு விநோதம்: ஈஆர்ஏ5 காலையில் குறைவாகவும் பிற்பகலில் அதிகமாகவும் காட்டுகிறது. எல்லா மாதமும் இதே கதை. மேகம்தான் காரணமா?

மிதவைக்காரன்:
எல்லா மாதமும் என்றால் மேகமாக இருக்காது, நேரக் குறியைப் பாருங்கள். ஈஆர்ஏ5 தருவது அந்த நொடியின் அளவு அல்ல, முந்தைய ஒரு மணி நேரத்தில் சேர்ந்த ஆற்றலின் ஜூல் கணக்கு. ஒரு மணிக்கான 3600 நொடிகளால் வகுத்தால் வருவது அந்த மணியின் சராசரி, அதன் மையம் அரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மிதவையின் நேரக் குறி மணியின் நடுவைக் குறிக்கிறதா, முடிவையா என்று விளக்கக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் காலையில் ஒரு பக்கமும் மாலையில் எதிர்ப்பக்கமும் விலகும், நாள் சராசரியில் சுத்தமாக மறைந்துவிடும்.

வெயில்கணக்கு:
ஆமாம். அறிக்கையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: மிதவைகளின் காற்று அளவுகள் ஈஆர்ஏ5-க்குள்ளேயே போகின்றன, கதிர்வீச்சு அளவு போவதில்லை. காற்றை ஒப்பிட்டால் தனக்குத்தானே சாட்சி சொன்னதுபோல் ஆகும், நீங்கள் செய்வது உண்மையான சோதனை.

கடல்மாணவி:
பார்த்துவிட்டேன், நேரக் குறிதான்! அரை மணி நகர்த்தியதும் அந்தக் காலை-மாலை வித்தியாசம் போய்விட்டது. நாள்வாரிச் சிதறல் அப்படியே இருக்கிறது. இனி தெளிந்த நாட்களின் நண்பகல் வரிசை, அப்புறம் பருவமழை மாதங்கள். படத்தை வெள்ளிக்கிழமை இங்கே போடுகிறேன்.